கோபத்தில் பழுத்த தக்காளி

சென்ற ஆண்டு ஜூன் மாதம் குண்டசாலையில் நிரஞ்சனியின் வீட்டுத் தோட்டத்தில் மட்டும் குளிர் இறங்கியது. கம்பி வேலிக்கு அப்பால் வழக்கமான வெயில். பக்கத்து வீட்டு சித்தி றலியா தன் பக்கம் மிளகாய் காயவைத்தார். மின்சாரம் போன நாட்களில் மீனை இந்தப் பக்கம் கொண்டுவந்து வைத்தார். போஞ்சி விதை மண்ணிலேயே அழுகியது. கத்தரி பூத்துப் பூத்துக் கொட்டியது. தக்காளி காய்த்தது, பழுக்கவில்லை. குளிர் பிடித்த கோவா மட்டும் உருண்டு திரண்டு செழித்தது. விவசாய அலுவலர் ஒருவர் வந்து பார்த்தார். அடுத்த முறை ஸ்வெட்டரோடு வருவதாகச் சொன்னார். வரவில்லை.

இதில் மகிழ்ந்தவன் அவள் கணவன் சுதேஷ். அந்த இடத்துக்குச் சீமெந்து போட்டு ஆட்டோ நிறுத்த நினைத்திருந்தான். ஆடி பிறப்பதற்குள் ஒரு பழம் பழுத்தாலும் தோட்டத்தை விட்டுவிடுவதாக, பழுக்காது என்ற தைரியத்தில், சொல்லியிருந்தான். ஆனி கடைசியில் சீமெந்து மூட்டைகள் வந்திறங்கின. மண்வெட்டியோடு தோட்டத்தில் இறங்கினான்.

நிரஞ்சனி ஹுன்னஸ்கிரிய தேயிலை எஸ்டேட்டில் லயத்து வீட்டில் பிறந்தவள். லயத்துக்குப் பின்னால் அவள் அம்மா பாலம்மா நட்ட செடிகளை, நிலம் கம்பெனியுடையது என்று ஒரு காலையில் துரை பிடுங்கச் சொன்னான். பிடுங்கியவர்கள் பாலம்மாவின் சொந்தக்காரர்கள்தான். பாலம்மா எதுவும் பேசவில்லை. இப்போது மகள் பேசினாள்.

"கார்மென்ட்ல நின்னு நின்னு கால் வீங்கி நான் வாங்குன மண்ணு இது. நீங்க எந்த எஸ்டேட்டு தொர?"

சுதேஷ் மண்வெட்டியைக் கீழே வைப்பதற்குள் அவள் காலடியில் ஒரு தக்காளி சிவந்தது. அவள் நிறுத்தவில்லை. அடுத்ததும் சிவந்தது. வரிசை முடியும்வரை ஏசிக்கொண்டே நடந்தாள். அந்த மூலையில நிக்கிற செடிக்கும் ரெண்டு குடுங்க மகள் என்றார் றலியா, வேலியைப் பிடித்துக்கொண்டு.

சீமெந்து குளிரின் ஈரத்தில் மூட்டையோடு கல்லானது. சில நாள் கழித்து சுதேஷ் கொத்துரொட்டி வாங்கிவந்து மன்னிப்புக் கேட்டான். அவளும் கொஞ்சம் இளகினாள். விடிந்து பார்த்தால் பாதி சிவந்த பழங்கள் மறுபடி பச்சையாகியிருந்தன. அன்று காலையே மன்னிப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

இந்த ஆண்டும் குளிர் வந்திருக்கிறது. வேலைக்குப் போகுமுன் நிரஞ்சனி தோட்டத்தில் இறங்குகிறாள். துரையை, கம்பெனியை, பிடுங்கிய கைகளை ஒவ்வொருவராகப் பேர் சொல்லி ஏசுகிறாள். அவள் கோபத்தில் பொய் கிடையாது. பொய்க் கோபத்துக்குக் காய் அசையாது. சுதேஷ் கூடையோடு பின்னால் வருகிறான். கத்தரிக்கு இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று அவனே சொல்கிறான். தன் பெயர் வரும்போது குனிந்து பழம் பறிக்கிறான்.