தர்பூசணிச் சுவரும் கொட்டகைப் பலகையும்

ஆர்டிஸ் தன் வாழ்நாளில் யாரிடமும் முகத்துக்கு நேரே "வேண்டாம்" என்று சொன்னதில்லை. அதில் அதிசயம் ஒன்றுமில்லை. எங்கள் ஏரிக்கரை ஊரில் யாருமே சொன்னதில்லை. மினசோட்டாவின் இந்த மூலையில் ஒருவர் ஏதாவது கொடுக்க வந்தால், முதல் தடவை "ஐயோ, எதுக்குச் சிரமம்" என்று சொல்ல வேண்டும். இரண்டாம் தடவை "நிஜமாவே வேண்டாங்க" என்று சொல்ல வேண்டும். மூன்றாம் தடவை கேட்டால்தான் வாங்கிக்கொள்ளலாம். முதல் தடவையே கை நீட்டினால் பேராசைக்காரி; மூன்றாம் தடவையும் மறுத்தால் ராங்கிக்காரி. சர்ச் காபித் தட்டில் கடைசி எலுமிச்சைக் கேக் துண்டு ஒன்று கிடந்தால், அதை முழுதாக எடுக்க ஒருவருக்கும் துணிவு வராது. ஒருவர் பாதி வெட்டி எடுப்பார், அடுத்தவர் மீதியில் பாதி. கடைசியில் எறும்புக்குக்கூடப் போதாத ஒரு துணுக்கு தட்டில் உட்கார்ந்துகொண்டு எல்லோரையும் பார்த்துக்கொண்டிருக்கும்.

இந்த மரியாதைதான் ஆர்டிஸுடைய சுவருக்கு எமனாக வந்தது.

சுவரைப் பற்றிச் சொல்லாவிட்டால் கதை புரியாது. ஆர்டிஸின் கணவர் ஹார்லன் தங்கமான மனிதர். ஆனால் அவருக்குத் தெரிந்த நிறம் ஒன்றே ஒன்று. ஓட்ஸ் கஞ்சியின் நிறம். கூடம் கஞ்சி, சமையலறை கஞ்சி, படுக்கையறை கொஞ்சம் நீர்த்த கஞ்சி. அவர் போய்ச் சேர்ந்து இரண்டாம் வசந்தம் வந்தபோது ஆர்டிஸ் பெயிண்டுக் கடைக்குத் தனியாகப் போனாள். திரும்பி வந்து, கூடத்தில் ஏரியைப் பார்த்த ஜன்னல் இருக்கிற சுவருக்குத் தன் கையாலேயே தர்பூசணிச் சிவப்பை அடித்தாள். கழுத்து பிடித்துக்கொண்டது, தலைமுடியில் ஒரு வாரம் சிவப்பு போகவில்லை. ஆனால் காலையில் காபியும் கையுமாக அந்தச் சுவருக்கு எதிரே உட்கார்ந்தால் அவளுக்கு யாரோ உள்ளே பாட்டுப் போட்டு விட்ட மாதிரி இருக்கும். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. தன் பொருளைத் தானே மெச்சிக்கொள்வதும் எங்கள் ஊரில் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சின் கீழ்த்தளத்தில் காபி. ஹார்லனின் தங்கை லவோன், பொழுது போகாத நாத்தனார், தன் போனில் ஒரு படத்தைத் திறந்து மேஜை முழுக்கச் சுற்ற விட்டாள்.

"ஏரி முக்குல புதுசா காபிக்கடை தொறந்திருக்காங்க, பாத்தீங்களா? பழைய கொட்டகையப் பிரிச்ச பலகையாம். ஒரு சுவர் பூரா அடிச்சிருக்காங்க. சாம்பலும் பழுப்புமா, கொள்ளை அழகு!"

போன் ஆர்டிஸிடம் வந்தது. மாட்டுக்கொட்டகையைக் கூடத்துக்குள் கொண்டுவந்து நிறுத்திய மாதிரி இருந்தது அவளுக்கு. "அழகாத்தான் இருக்கு," என்றாள். வேறென்ன சொல்வது?

"இவ வீட்டுச் சுவரையும் நீங்க பாக்கணுமே," என்றாள் லவோன். "தர்பூசணியப் பொளந்து வச்ச மாதிரி! உள்ள போகும்போது கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டுத்தான் போகணும்."

எல்லோரும் சிரித்தார்கள். ஆர்டிஸும் சிரித்து வைத்தாள். "ஆமா, கொஞ்சம் பளிச்னு ஆயிடுச்சு."

எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த வெர்லின் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். வெர்லின் ஓய்வு பெற்ற பால்பண்ணைக்காரர், மனைவியை இழந்தவர், கைகள் மண்வெட்டி அகலம். போன குளிர்காலப் பனி அவருடைய கொட்டகைக் கூரையை உட்கார வைத்துவிட்டது. மிச்சத்தை அவரே பிரித்துக்கொண்டிருந்தார்.

"ஆர்டிஸ், என்கிட்ட பலகை மலை மாதிரி கெடக்கு," என்றார். "உங்க சுவருக்கு நானே அடிச்சுத் தரேன்."

"ஐயோ, உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

வெர்லின் தலையை ஆட்டிக்கொண்டார். முதல் தடவை முடிந்தது.

அடுத்த வாரம் அளவு நாடாவோடு வாசலில் வந்து நின்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கூடத்துச் சுவரைப் பார்த்தவர் கண்ணை ஒருதரம் மூடித் திறந்தார். "லவோன் சொன்னது கொஞ்சம்தான்," என்றார் மெதுவாக. அனுதாபமான குரல், பல்வலிக்காரியிடம் பேசுகிற மாதிரி.

"வெர்லின், நிஜமாவே வேண்டாங்க. அந்தப் பலகை உங்களுக்கு வேற எதுக்காவது ஆகும்."

"ஆகாது, ஆகாது." நாடாவின் ஒரு முனையை அவளிடமே பிடிக்கக் கொடுத்தார். பிடித்துக்கொண்டாள். கொடுத்ததைப் பிடிக்காமல் எப்படி இருப்பது? பிறகு காபி கொடுத்தாள். வெர்லின் இரண்டு கப் குடித்து, தன் பழைய மாடு ஒன்று கதவுத் தாழ்ப்பாளை நாக்கால் திறந்த கதையைச் சொல்லிவிட்டுப் போனார். கதை நன்றாகத்தான் இருந்தது.

மூன்றாம் தடவை கேட்கும்போது திடமாகச் சொல்லிவிட வேண்டும் என்று ஆர்டிஸ் தீர்மானித்தாள். காரில் போகும்போது சத்தமாகச் சொல்லிப் பார்த்தாள். "வெர்லின், எனக்கு வேண்டாம்." மளிகைக்கடைச் சிக்னலில் பக்கத்துக் காரில் இருந்தவர் ஜன்னலை இறக்கி, "என்கிட்டயா சொன்னீங்க?" என்று கேட்டார்.

ஆனால் வெர்லின் மூன்றாம் தடவையை வாயால் கேட்கவில்லை. தன் டிராக்டர் கொட்டகைக்கு வந்து பார்க்கச் சொன்னார். அங்கே சிமெண்டுத் தரையில், அவளுடைய சுவர் அளவுக்கு அப்படியே, பலகைகள் வரிசையாகப் படுத்திருந்தன. ஒவ்வொன்றிலும் ஆணி பிடுங்கி, கம்பி பிரஷ் போட்டு, பூச்சி சாகட்டும் என்று மரம் உலர்த்தும் சூளையில் வைத்து எடுத்து வந்திருந்தார். வெயிலும் மழையும் தின்ற பக்கம் வெள்ளிச் சாம்பல். உள்பக்கம் தேன் பழுப்பு. இடையிடையே பழைய சிவப்பு, கொட்டகைக்கு எப்போதோ அடித்தது, உரிந்து உரிந்து ரோஜாவாகிப் போனது. ஒரு பலகையில் மாடுகள் கழுத்தைத் தேய்த்துத் தேய்த்து ஓர் இடம் மட்டும் மெருகேறிப் பளபளத்தது.

"பலகையோட இணைப்பெல்லாம் ஒரே நேர்ல விழக்கூடாது, பாருங்க. மாத்தி மாத்திப் போட்டேன். இந்த ரெண்ட மட்டும் ஏழெட்டுத் தடவ மாத்தியிருப்பேன்," என்றார். வெர்லினின் முகத்தில் பள்ளிக்கூடத்துப் பையன் படம் வரைந்து காட்டுகிற சிரிப்பு.

உண்மையிலேயே அழகாக இருந்தது. தரையில் இருந்தவரைக்கும். "ரொம்ப நல்லா இருக்கே!" என்றாள் ஆர்டிஸ், நாக்கு அவளைக் கேட்காமலேயே.

"அப்ப சனிக்கிழமை," என்றார் வெர்லின்.

அன்று சாயங்காலம் லவோனுக்குப் போன் செய்தாள்.

"வேண்டாம்னு சொல்லித் தொலையேன்டி," என்றாள் லவோன்.

"சொன்னேனே. ரெண்டு தடவை."

"ரெண்டு தடவை சொன்னா சரின்னு அர்த்தம், தெரியாதா ஒனக்கு? மூணாவது தடவை என்ன சொன்னே?"

"ரொம்ப நல்லா இருக்குன்னுட்டேன்."

"போச்சு. சுவத்துக்கு ஒரு முத்தம் குடுத்துட்டு வழியனுப்பி வை." சற்றுப் பொறுத்து லவோன் பெருமூச்சு விட்டாள். "குடுத்து வச்சவ நீ. எனக்கெல்லாம் யாரு வந்து பலகை அடிக்கிறா? நான் என்ன தர்பூசணியா அடிச்சு வச்சிருக்கேன்?"

ஆர்டிஸ் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்கால வெளிச்சம் ஏரியிலிருந்து எழும்பி வந்து சிவப்பின் மேல் அலையலையாக ஆடிக்கொண்டிருந்தது. சரி என்று ஆன பிறகு வேண்டாம் என்பது எங்கள் ஊர் சாத்திரத்திலேயே இல்லை. அப்படிச் சொன்னவர் ஒருவரும் இல்லாததால், சொன்னால் என்ன ஆகும் என்றும் யாருக்கும் தெரியாது.

சனிக்கிழமை காலை பிக்கப் வண்டி வந்து நின்றது. ஆர்டிஸ் காபி கொடுத்தாள். இன்னொரு காபி கொடுத்தாள். எலுமிச்சைக் கேக் கொடுத்தாள். முட்டை பொரிக்கட்டுமா என்று கேட்டாள்.

"வயிறு வெடிச்சிடும். வேலையப் பாக்கலாம்," என்று வெர்லின் சோபாவை நடு அறைக்கு நகர்த்தினார். பலகைகளை உள்ளே கொண்டுவந்தார். நேர் பார்க்கிற ரசமட்டத்தை ஜன்னல் விளிம்பில் வைத்தார். பிறகு ஒரு டப்பாவைத் திறந்தார். உள்ளே தார் மாதிரி கறுப்பு.

"இது எதுக்கு?"

"பழைய பலகை இல்லையா, ஒண்ணும் நேரா இருக்காது. நடுவுல இடுக்கு விழும். சுவரு மொத்தத்துக்கும் மொதல்ல கறுப்பு அடிச்சிட்டா இடுக்கு தெரியாது. இல்லன்னா உங்க தர்பூசணி எட்டி எட்டிப் பாக்கும்."

சொல்லிக்கொண்டே பிரஷை முக்கி, ஜன்னலுக்குப் பக்கத்தில் இழுத்தார். சிவப்பின் மேல் ஒரு முழ நீளத்துக்குக் கறுப்பு.

"வேண்டாம்!"

வெர்லின் திரும்பி அறையில் வேறு யாராவது வந்திருக்கிறார்களா என்று பார்த்தார். பிரஷிலிருந்து ஒரு சொட்டு கீழே விரித்த துணியில் விழுந்தது.

"கறுப்பு வேண்டாமா, பலகை வேண்டாமா?"

"ரெண்டும் வேண்டாம்." ஆர்டிஸின் வாய் திறந்துகொண்டுவிட்டது. "எனக்கு இந்தச் சிவப்பு பிடிச்சிருக்கு வெர்லின். நாற்பது வருஷம் கஞ்சிக்குள்ள குடியிருந்தேன். இது நானே கடைக்குப் போய், நானே எடுத்து, நானே அடிச்சது. காலைல இதப் பாக்கத்தான் எழுந்திரிக்கிறேன்."

"ஆனா நீங்கதான சொன்னீங்க, கொஞ்சம் பளிச்னு ஆயிடுச்சுன்னு?"

"வேற என்ன சொல்லுவேன்? பிரமாதமா அடிச்சிருக்கேன்னு நானே சொல்லிக்க முடியுமா?"

வெர்லின் யோசித்தார். "முடியாதுதான்," என்று ஒப்புக்கொண்டார். பிரஷை டப்பாவின் மேல் குறுக்காக வைத்துவிட்டு, நடு அறையில் கிடந்த சோபாவில் போய் உட்கார்ந்தார். வாரக்கணக்கில் செய்த வேலை அவர் காலடியில் கட்டுக்கட்டாகக் கிடந்தது. இப்படி ஒரு நல்ல மனிதரை நோகடித்துவிட்டேனே, பேசாமல் அடிக்கட்டும் என்று விட்டிருக்கலாமே என்று ஆர்டிஸ் நினைத்தாள். ஆனால் சுவரைப் பார்த்தாள். பார்த்ததும் அந்த நினைப்பு போய்விட்டது.

"இந்தப் பலகைய உங்க வீட்டுக் கூடத்துலயே அடிச்சிடுங்களேன்," என்றாள். "அவ்வளவு அழகா வந்திருக்கு."

"எங்க வீட்லயா?" வெர்லின் அலறியே விட்டார். "முப்பது வருஷம் விடியறதுக்கு முன்னால எழுந்து, மாட்டு வாலால மூஞ்சில அடி வாங்கிக்கிட்டு, இந்தப் பலகையத்தான் பாத்துக்கிட்டு நின்னேன். இப்ப சாப்பிடறப்பவும் பாக்கணுமா?"

"பின்ன எனக்கு எதுக்குக் குடுக்க வந்தீங்க?"

"உங்களுக்குப் பிடிக்கும்னுதான்! அழகாத்தான் இருக்குன்னு சொன்னீங்களே, சர்ச்சுல!"

"லவோன் போனை நீட்டினா. வேற என்ன சொல்லுவேன்?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் சிரித்தது யாரென்று இருவருக்குமே பிறகு ஞாபகமில்லை. வெர்லின் தொப்பியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆர்டிஸ் சோபாவின் மறுமுனையில் பொத்தென்று விழுந்தாள்.

"அந்தப் படத்தை எடுத்துக்கிட்டு மேஜை மேஜையா சுத்தினது யாரு?" என்றார் வெர்லின்.

"லவோன்."

"கொள்ளை அழகுன்னது யாரு?"

ஆர்டிஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். குடுத்து வச்சவ நீ என்று போனில் விட்ட பெருமூச்சு இப்போதுதான் அவள் காதுக்குள் வந்து இறங்கியது. உடனே போனை எடுத்தாள்.

"லவோன், வெர்லின் தன்னோட பலகையெல்லாம் ஒன் வீட்டுக் கூடத்துக்கு அடிச்சுத் தரட்டுமான்னு கேக்கறாரு."

அந்தப் பக்கம் லவோன் குழைவாகச் சொன்னாள்: "ஐயோ, அவருக்கு எதுக்குச் சிரமம்."

ஆர்டிஸ் போனைக் கையால் மூடிக்கொண்டு வெர்லினைப் பார்த்தாள். "இன்னும் ரெண்டு தடவை கேக்கணும்."

"கேப்போம். அவசரமா என்ன?"

பலகைகள் வண்டிக்குத் திரும்பின. வெர்லின் கடைசிக் கட்டைப் போட்டுவிட்டு உள்ளே வந்து, ஜன்னலோரக் கறுப்புக் கீற்றைக் குற்றவாளி மாதிரி பார்த்தார். "சிவப்பு மிச்சம் இருக்கா?"

இருந்தது. ஆர்டிஸ் கீழ்த்தளத்திலிருந்து டப்பாவைக் கொண்டுவந்தாள். கறுப்பை ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தார், பாதிதான் போனது. காய விட்டு, அதன் மேல் சிவப்பை நிதானமாக, கன்றுக்குட்டிக்கு மருந்து தடவுகிற மாதிரி தடவினார். பின்னால் நகர்ந்து நின்று பார்த்தார். ஓரக்கண்ணால் சுவர் முழுவதையும் ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

"நல்லா அடிச்சிருக்கீங்க," என்றார். "விளிம்பெல்லாம் கோடு போட்ட மாதிரி இருக்கு."

ஆர்டிஸ் "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்று சொல்ல வாயெடுத்து, நிறுத்தி, "ஆமா," என்றாள்.

தட்டில் எலுமிச்சைக் கேக் ஒரு துண்டு மிச்சமிருந்தது. வழக்கம் போல வெர்லின் கத்தியைத் தேடினார். ஆர்டிஸ் அதை முழுதாக எடுத்து அவர் கையில் வைத்தாள். அவர் வாசலில் நின்று அதைத் தின்று முடிக்கும்போது, காய்ந்துகொண்டிருந்த சிவப்புக்கு அடியிலிருந்து கறுப்பு நிழலாக மேலே வந்துகொண்டிருந்தது.

"கறுப்பு லேசுல மறையாது," என்றார் வெர்லின், தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பிடித்துக்கொண்டு. "இன்னொரு பூச்சு வேணும். ஒருவேளை அதுக்கு மேலயும். நாளைக்கு வரட்டுமா?"

"வாங்க," என்றாள் ஆர்டிஸ்.

இரண்டாம் தடவை கேட்பதற்காகத் திறந்த வாய் வெர்லினுக்கு அப்படியே திறந்தபடி நின்றது. மூன்றாவதுக்குக்கூட ஏதோ தயார் செய்து வைத்திருந்தார் போலும். அதெல்லாம் எதற்கும் ஆகவில்லை. தொப்பியைத் தலையில் பின்பக்கம் முன்னால் வரும்படி மாட்டிக்கொண்டு வண்டிக்குப் போனார்.