டிக் கேட்டால் நல்ல ரிலே

ரிலேயை, அதாவது கரண்டைச் சேர்த்தும் பிரித்தும் விடும் சின்னச் சுவிட்சை, எப்படிச் சோதிப்பது என்று கேட்டால் எங்கள் தொழிலில் எல்லாரும் ஒரே பதில்தான் சொல்வோம்: பன்னிரண்டு வோல்ட் கொடு, ‘டிக்’ என்று சத்தம் வருகிறதா பார். வந்தால் நல்லது, வராவிட்டால் குப்பை. அஸ்தம்பட்டியில் இருபத்திரண்டு வருடமாக எலெக்ட்ரானிக் பாகங்கள் விற்கிறேன். வின்சென்ட் காதாலேயே நல்லது கெட்டது சொல்லிவிடுவான் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரைக் கூச்சமில்லாமல் நானும் சுமந்துகொண்டு திரிந்தேன்.

சங்ககிரி பூபதி என் பழைய வாடிக்கை. அவனும் மனைவி மஞ்சுளாவும் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, தோட்டத்து மோட்டாரைச் செல்போனிலேயே ஓட்டவும் நிறுத்தவும் ஒரு போர்டு செய்கிறார்கள். ஒரு தடவைக்கு நாற்பதுதான். நாற்பதுக்கு வேண்டிய பாகம் கேட்டால் பெரிய வியாபாரி ஏறெடுத்தும் பார்க்கமாட்டான், ஆயிரமாக வாங்கு என்பான். அதனால்தான் என்னைப் போன்றவன் பிழைப்பு ஓடுகிறது.

போர்டுக்குள் ஒரு சிம் கார்டு இருக்கும். அந்த எண்ணுக்குப் போன் போட்டு ஒன்றை அழுத்தினால் மோட்டார் ஓடும், இரண்டை அழுத்தினால் நிற்கும். நின்றதும் மஞ்சுளாவின் குரல் பேசும்: “மோட்டார் நின்னுருச்சுங்க. தைரியமா வேலையப் பாருங்க.” கரண்ட் இல்லாத நேரத்திலும் பேச உள்ளே ஒரு சின்ன பேட்டரி. இந்தக் குரலுக்காகவே வாங்குகிறார்கள் என்று பூபதிக்கு ஏகப் பெருமை. ஆனால் அந்தக் குரல் மோட்டாரைப் பார்த்துப் பேசுவதில்லை, இரண்டை அழுத்தியதை மட்டும் வைத்துப் பேசும். அது எங்கள் மூவருக்கும் தெரியும். ரிலே ஒழுங்காக இருந்தால் இரண்டும் ஒன்றுதானே என்று விட்டுவிட்டோம்.

போன ஆடியில் வழக்கமான ரிலே எங்கும் கிடைக்கவில்லை. மூன்று மாதம் ஆகும் என்றார்கள். பூபதி தினம் இரண்டு முறை கூப்பிட்டான்.

“ஆளுக காத்துட்டு இருக்கறாங்கண்ணா. ஏதாச்சும் பார்த்துக் குடுங்கண்ணா.”

வெளியூர்ப் புரோக்கர் ஒருவன் அதே பெயரும் அதே எண்ணும் அச்சடித்த பெட்டி அனுப்பினான். நாற்பதையும் ஒவ்வொன்றாக டிக் கேட்டேன். கணீரென்று இருந்தது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம், ஒன்றை அறுத்து உள்ளே பார்த்திருந்தால் போதும். ஒரு ரிலே வீணாகுமே என்ற கஞ்சப் புத்தி என்னைத் தடுத்தது.

போர்டுகள் விற்றுப்போன மறுமாதம், ஒரு திங்கட்கிழமை, முதல் புகார் வந்தது. நிறுத்தினாலும் மோட்டார் நிற்கவில்லையாம். “இடி இறங்கியிருக்கும், இல்லாட்டி அவங்க ஒயரிங் சரியிருக்காது” என்றேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் அப்படிச் சொல்லி இரண்டு நாள் போயிற்று.

புதன்கிழமை காலை இன்னொரு போர்டோடு பூபதியும் மஞ்சுளாவும் கடைக்கே வந்துவிட்டார்கள். ரிலேயைக் கழற்றி மூடியைப் பிளேடால் அறுத்தேன். சேர்ந்து பிரிய வேண்டிய இரண்டு முனைகளும் உருகி ஒன்றாக ஒட்டிக் கிடந்தன. வெள்ளி இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ மட்டமான உலோகம். உள்ளே தகடு அசைந்தால் டிக் என்று கேட்கும், அவ்வளவுதான். முனை எதனால் செய்தது என்று எந்தக் காதுக்கும் அது சொல்லாது.

“அப்ப நிறுத்துனாலும் நிக்காதுங்களா?” என்றாள் மஞ்சுளா.

“நிக்காது.”

“நின்னுருச்சுன்னு நான் சொல்லிட்டே இருப்பனேங்க.”

மஞ்சுளாவின் நோட்டில் வாங்கியவர்களின் எண்ணும் அவரவர் போர்டின் எண்ணும் இருந்தன. பூபதி ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, போர்டை நம்பவேண்டாம், பியூஸைப் பிடுங்கிவிட்டுத்தான் மோட்டாரிடம் போகவேண்டும் என்று சொன்னான். பதினேழாவது பெயர் தம்மம்பட்டி வெங்கடாசலம். போனை எடுத்தது அவர் மனைவி பழனியம்மாள். பூபதி ஸ்பீக்கரில் போட்டான்.

“அவரு போர்வெல்கிட்ட இருக்காரு. கேபிள் ஜாயிண்ட் அத்துப்போச்சு, ஒட்டுப் போட்டுக்கிட்டிருக்காரு.”

“பியூஸப் புடுங்கிட்டாருங்களா?”

“எதுக்குப்பா? மோட்டார் ரூமு அந்தக் கோடியில கெடக்கு. நான்தான் போன்லயே நிறுத்திட்டேன். நின்னுருச்சுன்னு அந்தப் பொண்ணு சொல்லிருச்சே. மோட்டாருக்கான த்ரீ பேஸ் கரண்டும் பத்து மணிக்குத்தான் வரும்.”

கடைக் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்தாக நான்கு நிமிடம் இருந்தது.

“கேபிள்ல கைய வெக்க வேண்டாம்னு சொல்லுங்க! ஓடுங்கம்மா!” என்று பூபதி கத்தினான்.

“ஏன் தம்பி இப்படிக் கத்துற? அதான் அந்தப் பொண்ணு சொல்லிருச்சுங்கிறேன்ல.”

மஞ்சுளா போனைப் பிடுங்கினாள். “அம்மா, அந்தப் பொண்ணு நாந்தானுங்க. நான் சொன்னது பொய்யிங்க. மோட்டார் ஆஃப் ஆகலைங்க, கரண்ட் வந்தா கேபிள்ல பாஞ்சிருமுங்க. ஓடுங்க!”

அந்தப் பக்கம் செருப்புச் சத்தமும் மூச்சிரைப்பும் கேட்டன. “ஏங்க, கைய எடுங்க, ஏங்க” என்று அவள் கூப்பிட்டுக்கொண்டே ஓடினாள். கடிகாரத்தில் இன்னும் மூன்று நிமிடம் இருந்தது. சேசுவே, மூன்று நிமிடம் போதும் என்று நினைத்தேன்.

அன்றைக்குக் கரண்ட் முன்கூட்டியே வந்துவிட்டது. பழனியம்மாளின் அலறலில்தான் எங்களுக்கு அது தெரிந்தது.

“தொடாதீங்க! அவரத் தொடாதீங்கம்மா!” என்று மஞ்சுளா போனைப் பார்த்துக் கதறினாள். கதறி என்ன செய்ய? போன் மண்ணில் விழுந்த சத்தம் கேட்டிருந்தது. பூபதி என் போனை எடுத்து, நோட்டைப் பார்த்து, வெங்கடாசலத்தின் போர்டு எண்ணைக் கூப்பிட்டான். அது நிற்காது என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சும்மா இருக்க முடியாமல் இரண்டை அழுத்தினான், திரும்பத் திரும்ப அழுத்தினான்.

ஒரு போனில் அலறல் சட்டென்று அறுந்தது. அவள் அவரைத் தொட்டுவிட்டாள்.

இன்னொரு போனில் மஞ்சுளாவின் குரல், மஞ்சுளாவுக்கு எதிரிலேயே, நிதானமாகப் பேசியது.

“மோட்டார் நின்னுருச்சுங்க. தைரியமா வேலையப் பாருங்க.”