கொண்டாடாத கோல்

எவேலியோவுக்கு முப்பத்தேழு வயது. பராகுவேயில் பிறந்து ஒன்பது நாடுகளில் பதினான்கு கிளப்புகளுக்கு ஆடியவன். பெரிய பெயர் எங்கும் எடுக்கவில்லை, ஆனால் போன இடத்திலெல்லாம் கோல் போட்டிருக்கிறான்.

பதினான்காவது கிளப் பர்மாவில், இதே யாங்கோன் நகரத்தில்தான். போன வருஷம் "வயசாயிடுச்சு" என்று அவனைக் கழற்றிவிட்டார்கள். அவன் ஆட்டத்தில் கிறங்கிக் கிடந்த வாஜித் விடுவானா? பபேடான் பேட்டையில் பெயின்ட் கடையோடு ஒரு கிளப்பையும் சேர்த்து நடத்தும் ஷாஹுல் நானாவிடம்தான் வாஜித்துக்கு மேனேஜர் வேலை. "என் பொறுப்பு" என்று மார்தட்டி எவேலியோவை அங்கே சேர்த்துவிட்டான். ஆறு ஆட்டம் முடிந்தும் ஒரு கோல் விழவில்லை.

"இன்னைக்கும் போடலேன்னா திங்கக்கிழமை ஃப்ளைட் ஏத்திவிட்டுடு, கோ வாஜித்" என்றார் நானா. அவர் பர்மியர்களைப்போல 'கோ' போட்டு மரியாதையாகக் கூப்பிட்டால் கோபத்தில் இருக்கிறார் என்று அர்த்தம்.

இன்றைய ஆட்டமோ கழற்றிவிட்ட அந்தக் கிளப்போடு. வாஜித்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. காலையில் டீக்கடையில் எவேலியோவுக்குப் பர்மியில் பாடமே எடுத்தான். கோல் விழுந்ததும் அவர்கள் பெஞ்சுக்கு முன்னால் ஓட வேண்டும், காதில் கை வைத்து, 'இப்ப சொல்லுங்கடா' என்று நிற்க வேண்டும். எவேலியோ தலையாட்டிக்கொண்டே சமூசா தின்றான். தலையாட்டியது பாடத்துக்கா சமூசாவுக்கா என்று வாஜித் கேட்கவில்லை.

எண்பத்திரண்டாவது நிமிஷம், மழைத்தண்ணீர் தேங்கிய மைதானத்தில் ஒரு கார்னர். இளவட்டங்கள் பந்தின் பின்னால் ஓட, எவேலியோ மட்டும் அது விழப்போகும் இடத்தில் போய் நின்றான். நெற்றியால் ஒரு தட்டு. கோல்!

செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் வாஜித் குதித்தான். "ஓடு! அந்தப் பக்கம் ஓடு!"

எவேலியோ ஓடவில்லை. மேலே விழுந்த பையன்களை மெல்ல விலக்கினான். பழைய கிளப்பின் ரசிகர்கள் பக்கம் திரும்பி, மன்னிப்புக் கேட்பதுபோல இரண்டு கைகளையும் உயர்த்தினான். பிறகு தலைகுனிந்து நடந்துவந்தான்.

ஆட்டம் அந்த ஒரு கோலோடு முடிந்தது. "உன்னைத் தூக்கி எறிஞ்சவங்கய்யா அவங்க!" என்று வாஜித் பாய்ந்தான்.

"ஒரு வருஷம் அங்கே சாப்பிட்டேன்" என்றான் எவேலியோ, தெரிந்த அரைகுறைப் பர்மியில். "சமையல் அம்மா தினமும் எனக்கு ஒரு முட்டை எடுத்து வைப்பாங்க."

எதிர்ப்பக்கம் கைதட்டல் கேட்டது. தோற்றுப்போன கூட்டம் எழுந்து நின்று இவனுக்காகத் தட்டிக்கொண்டிருந்தது. வாஜித்துக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. இவனை நான்தான் கூட்டிவந்தேன் என்று ஊருக்கே கேட்கும்படி கத்த வேண்டும்போல் நெஞ்சு பூரித்தது.

நானா மூச்சிரைக்க வந்தார். "கோல் போட்டுட்டு ஏன் மூஞ்சியத் தொங்கப்போட்டுட்டு வர்றான்? நம்ம கிளப் புடிக்கலையா?"

"பழைய கிளப்புக்கு எதிரா கோல் போட்டா கொண்டாட மாட்டாரு, நானா. பதினாலு கிளப்புக்கும் இப்படித்தான்" என்று வெகுநாள் தெரிந்தவன்போல அடித்துவிட்டான் வாஜித்.

நானா யோசித்தார். "நாளைக்கு நம்மள விட்டுப் போயி, நமக்கே கோல் போட்டா?"

"நமக்கும் இதே மரியாதைதான்."

கைதட்டல் இன்னும் ஓயவில்லை. நானா எதிர்ப்பக்கத்தைப் பார்த்தார், எவேலியோவைப் பார்த்தார், தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அந்த மரியாதை நமக்கு வேணாம்டா, வாஜித். ரெண்டு வருஷத்துக்கு எழுதி வாங்கு. இங்கேயே இருக்கட்டும்."

'கோ' போய் 'டா' வந்துவிட்டது. வாஜித் செருப்பைத் தேடப் போனான்.