பிள்ளைக்கு ஒரு வரிசை

எங்களோடு வேலை பார்க்கும் அந்தப் பொடிசு கைகழுவும் தொட்டியில் குனிந்து ஓங்கரித்த சத்தம் கேட்டதுமே எனக்கு வயிறு பற்றி எரிந்தது. பரிதாபமெல்லாம் இல்லை, சுத்தமான ஆத்திரம். குழந்தைகள் காப்பகத்தில் இத்தனை வருஷமாக வாந்தி துடைக்கிறவள் நான். எது அஜீரணம், எது மசக்கை என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

"நாள் தள்ளிப் போயிருக்கா?" என்றேன்.

"என்னக்கா?"

"நடிக்காதே. போயிருக்கா, இல்லையா?"

முகத்தைத் துடைத்துக்கொண்டே ஆமென்று தலையை ஆட்டினாள். இங்கே வேலைக்குச் சேர்ந்த ஈரம்கூடக் காயவில்லை கழுதைக்கு.

எங்கள் காப்பகத்தில் பிள்ளை பெறுவதற்கு வரிசை உண்டு. சிரிக்காதீர்கள். கைக்குழந்தைகள் அறையில் சட்டப்படி மூன்று குழந்தைக்கு ஓர் ஆள் இருந்தே தீர வேண்டும், இல்லாவிட்டால் அறைக்குப் பூட்டுதான். பிரசவ விடுப்பில் ஒருத்தி போனால் இழுத்துப் பிடித்துச் சமாளிக்கலாம். இரண்டு பேர் போனால் கதை கந்தல். மாற்று ஆள் போடுங்கள் என்றால், இந்தச் சம்பளத்துக்கு எந்த மகராசி வருவாள் என்பார் எங்கள் தலைவி, பெரிய மேடம். அதனால் வருஷத்துக்கு ஒருத்திதான் முழுகாமல் இருக்கலாம், அதுவும் சீனியாரிட்டிப்படி என்று வாய்வார்த்தையாகவே ஓர் ஏற்பாட்டைப் பண்ணி வைத்திருந்தார். நாங்களும் மண்டையை மண்டையை ஆட்டினோம்.

இந்த வருஷம் என் முறை. எனக்கு வயது முப்பத்தெட்டு. எனக்கு முன்னால் இருந்தவளுக்குக் கரு தங்கவில்லை, இன்னொரு வருஷம் கேட்டாள், பாவமென்று விட்டுக்கொடுத்தேன். இனியும் தள்ளிப் போட்டால் என்னிடம் வராதே என்று டாக்டரம்மா முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். எனக்கு அடுத்தது நெட்டை. என்னோடு ஒன்றாக வேலைக்குச் சேர்ந்த சிநேகிதி. இப்போது இந்தப் பொடிசு நடுவில் புகுந்ததில் என் முறை போச்சு, நெட்டையின் முறையும் பின்னால் தள்ளிப் போச்சு.

அன்று சாயங்காலம் டிவியில் ஓர் அமைச்சர் பொருமிக்கொண்டிருந்தார். நாட்டில் பிறப்பு குறைந்துகொண்டே போகிறதாம். பள்ளிக்கூடங்களை இழுத்து மூடுகிறார்களாம். இந்தக் காலத்துப் பெண்களுக்குச் சொகுசு கேட்கிறதாம்.

"ஆமா, கிழிச்சே!" என்று கத்தினேன்.

"அவர் சொல்றதுல என்ன தப்பு?" என்றார் மாமியார்.

"தப்பே இல்ல அத்தை. நாளைக்கு நீங்களும் அவரும் வந்து எங்க குழந்தைங்களுக்குக் கால் கழுவி விடுங்க. நான் வீட்டுல சொகுசா பெத்துக்கறேன்."

என் புருஷன் டிவி சத்தத்தைக் கூட்டினார். ரொம்பத்தான் துணிச்சல்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பொடிசு தன் புருஷனைக் கூட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். வரிசையை மீறுகிறவள், முறை பறிபோனவளின் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். அதுவும் மேடம் பழக்கிவிட்டதுதான். அந்தப் பையன் பழப்பையை மேசைமேல் வைத்துவிட்டு, திருடிப் பிடிபட்டவன் மாதிரி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"மன்னிச்சிடுங்கக்கா. நாங்க ஜாக்கிரதையாத்தான் இருந்தோம்."

"இருந்த லட்சணம்தான் தெரியுதே!"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு, வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தவள் போல ஒரே மூச்சில் சொன்னாள்: "எனக்கு இன்னும் வயசிருக்குக்கா. உங்களுக்கு இந்த வருஷம் விட்டா கஷ்டம்னு தெரியும். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. கலைச்சிடறேன்."

சீ, என்ன பேச்சு என்று உடனே அதட்டியிருக்க வேண்டும். சரியென்று சொல், சொல்லித் தொலை என்று உள்ளே ஒரு பிசாசு என்னைப் பிடித்து உலுக்கியது. அவளும் அசையாமல் காத்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அந்தப் பையன்தான் அழுதான். முழுக்கைச் சட்டையால் மூக்கைத் துடைத்துத் துடைத்து, சத்தமே வராமல் அழுதான். எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"அடி செருப்பால!" என்றேன். "என்னைக் கேட்டுக்கிட்டா நீ பெத்துக்கணும்? போடி, போய் நல்லபடியா பெத்துக்கோ. இந்தப் பழத்தையும் எடுத்துட்டுப் போ, உனக்குத்தான் வேணும். ரெண்டு பேரும் முதல்ல இடத்தைக் காலி பண்ணுங்க."

அவர்கள் போனதும் அடுப்படிக்குள் போய் நன்றாக அழுதேன்.

மறுநாள், குழந்தைகள் தூங்கும் வேளையில், மேடம் எங்கள் எல்லோரையும் சாப்பாட்டு அறைக்குக் கூப்பிட்டார். குழந்தைகள் விழித்துக்கொள்ளும் என்பதால் சண்டையைக்கூட நாங்கள் கிசுகிசுப்பாகத்தான் போட வேண்டும்.

"எல்லாருக்கும் எவ்வளவு தொந்தரவு பாரு. மன்னிப்பு கேளு," என்றார் பொடிசிடம்.

அவள் கையைக் கூப்பினாள். எனக்கு வந்ததே கோபம்!

"கையை இறக்குடி! மேடம், இனிமே வரிசையில என்னைச் சேர்க்காதீங்க. எனக்கு எப்ப நிக்குதோ அப்ப நிக்கட்டும்."

"மெதுவா பேசு. ரெண்டு பேரும் ஒண்ணாப் போனா அறையை யார் பாக்கறது?"

"அது உங்க தலைவலி. ஆள் போடுங்க, இல்லைன்னா இழுத்து மூடுங்க. ஊர்ப் பிள்ளையெல்லாம் எங்க இடுப்புல இருக்கணும், எங்க வயித்துல ஒண்ணு வர உங்ககிட்ட உத்தரவு வாங்கணுமா?"

மேடம் பார்வையைக் கதவுப் பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். நெட்டை கை தட்டாவிட்டாலும் சிரிக்கவாவது செய்வாள் என்று திரும்பிப் பார்த்தேன்.

அவள் என்னைச் சுட்டுவிடுவதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா இருக்குடி உன் நியாயம்," என்றாள். குரல் உயரவில்லை. "நீங்க ரெண்டு பேரும் பெத்துக்குவீங்க. கைக்குழந்தைங்க அறையில மிச்சம் இருக்கறவ யாரு? நான். இருக்கிற அத்தனையையும் நான் தூக்கிச் சுமக்கணும். அது முடிஞ்சு நான் பெத்துக்கணும்னா எனக்கு என்ன வயசாகும்னு யோசிச்சியா? எனக்காக ஒருத்திகூட வரிசையில நிக்க மாட்டீங்க, இல்ல?"

உள்ளே ஏதோ குழந்தை சிணுங்கியது. எல்லோருக்கும் முன்னால் எழுந்து போனவள் நெட்டைதான்.

மேடம் இன்றுவரை ஆள் போடவில்லை, அறையையும் மூடவில்லை. நெட்டை என்னோடு பேசுவதில்லை. குழந்தையைக் கைமாற்றிக் கொடுக்கும்போதுகூட என் முகத்தைப் பார்ப்பதில்லை.

இந்த மாதம் எனக்கு நாள் தள்ளிப் போயிருக்கிறது. டாக்டரம்மா பார்த்துவிட்டு, உறுதிதான் என்றார். மாமியார் ஆனந்தத்தில் ஊருக்கெல்லாம் போன் போடுகிறார். என் புருஷன் டிவியை அணைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எத்தனை வருஷம் ஏங்கிய சேதி இது. எனக்குச் சந்தோஷமே வரவில்லை. நாளை காலை நெட்டையிடம் சொல்ல வேண்டும்.