ஆறு ஸ்பேட்ஸ்

"ஐந்து ஹார்ட்ஸ்," என்றார் அவர். அதைச் சொன்னதற்கே மூச்சு வாங்கியது.

அவள் தன் சீட்டுகளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எத்தனை ஏஸ் வைத்திருக்கிறீர்கள் என்று, நான்கு நோ ட்ரம்ப் சொல்லிக் கணவரைக் கேட்டவள் அவள்தான். ஒன்றென்றால் ஐந்து டைமண்ட்ஸ். இரண்டென்றால் ஐந்து ஹார்ட்ஸ். அவளிடம் ஒன்று. ஆக மூன்று. பதின்மூன்று பிடியில் பன்னிரண்டை எடுக்கிறோம் என்று ஸ்லாம், அதாவது ஆறு ஸ்பேட்ஸ், கேட்டுவிடலாம். அவரிடம் உண்மையிலேயே இரண்டு இருந்தால்.

காலையில் அவர் மகளைப் பார்த்து, "நர்ஸம்மா, எப்ப வந்தீங்க?" என்று கேட்டிருந்தார். மத்தியானம் திடீரெனத் தெளிந்து, பிரிட்ஜ் ஆடலாம், சீட்டை எடுங்கள் என்றார். கட்டிலை ஒட்டி மேசையைப் போட்டார்கள். அவருக்கு எதிரே அவள். இருபக்கமும் மகளும் அவருடைய தம்பியும். இன்றோ நாளையோ என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனதைப் பற்றி யாரும் பேசவில்லை.

"அண்ணி, நான் போய்க் குளிச்சிட்டு வந்துடறேன். அதுக்குள்ள சொல்லிடுவீங்கல்ல?" என்றான் தம்பி.

"போய்க் குளிடா. நாங்களும் கொஞ்சம் நல்ல காத்து வாங்குவோம்," என்றார் அவர், மூக்குக் குழாயைச் சரிசெய்தபடி.

மகள் சிரித்தாள். சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஐந்து ஸ்பேட்ஸோடு நின்றுவிட்டால் பத்திரம். ஆனால் தன்னை நம்பவில்லை என்று அவருக்குப் புரிந்துவிடும். வீட்டு விஷயத்தில் அவர் சொன்ன எதையும் அவள் லேசில் ஏற்றதில்லை. சீட்டில் மட்டும் முப்பத்திரண்டு வருடமாக அவர் சொன்ன கணக்கைச் சந்தேகப்பட்டதே இல்லை. ஆறு கேட்டு, ஆட்ட முறைப்படி ஜோடியான அவர் தன் சீட்டை எல்லோரும் பார்க்க விரிக்கும்போது ஒரே ஒரு ஏஸ்தான் என்றால்? தன் புத்தி தன்னை விட்டுப் போவதை, மகள் முன்னால், தம்பி முன்னால், அவரே பரப்பி வைத்துப் பார்க்க வேண்டும்.

"என்ன யோசனை? நான்தான் சொல்லிட்டேனே."

"கேட்டுது."

"அப்புறம்?"

கோபமாகக் கேட்டிருந்தால் பரவாயில்லை. அவர் பயந்துபோய்க் கேட்டார்.

"ஆறு ஸ்பேட்ஸ்," என்றாள்.

அவர் தலையணையில் சாய்ந்துகொண்டார். தம்பி தன் சீட்டுகளை நெடுநேரம் பார்த்தான். கேட்டவர்கள் தோற்பார்கள் என்று துளி இடம் கிடைத்தாலும் மேசையைத் தட்டி 'டபுள்' என்று பந்தயத்தை ஏற்றுகிறவன்.

"பாஸ்," என்றான்.

அவரும் பாஸ் என்றார், உதடு மட்டும் அசைய. மகளும் சொன்னாள். தம்பி ஒரு சின்ன கிளப்ஸைப் போட்டான்.

"உங்க சீட்டை விரிங்க," என்றாள் அவள்.

அவர் விரிக்கவில்லை.

டாக்டர் வந்து, நாடி பார்த்து, எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மகள் வாசலில் நின்று ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். தம்பி மேசையை ஒழிக்கத் தொடங்கினான். அவன் தன் சீட்டுகளைத் திரட்டும்போது அவள் பார்த்துவிட்டாள். இரண்டு ஏஸ். அவளிடம் ஒன்று. மிச்சம் ஒன்றுதான்.

"டபுள் சொல்லியிருக்கலாமே தம்பி."

"என்கிட்ட என்ன இருந்துச்சு அண்ணி, வெறும் குப்பை." அவற்றைக் கட்டின் நடுவே செருகினான். அண்ணனின் கைப்பக்கம் குனிந்தான். "இதையும் எடுத்துடவா?"

"நான் எடுக்கறேன்."

விரல்களில் சூடு இன்னும் இருந்தது. ஒவ்வொன்றாக விலக்கி, சீட்டுகளைத் திருப்பிப் பார்க்காமல் கட்டோடு சேர்த்தாள். தன்னுடையதையும் சேர்த்தாள். கலைத்தாள். ரொம்ப நேரம் கலைத்துக்கொண்டே இருந்துவிட்டு, வெட்டுவதற்காகக் கட்டைத் தம்பியின் பக்கம் நகர்த்தி வைத்தாள்.