மறுப்பு எழுதியவரின் மகள்

அமைச்சரின் பத்திரிகைச் செயலாளருக்குத் தன் மகள் கண்ணில் தெரியாமல் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று வெங்காய விலை சற்று இறங்கியிருந்தது. இந்த வேலைக்கு முன் நெடுங்காலம் அவர் நிருபர். சாக்கடை உடைந்தது என்றால் செருப்பு நனையப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவார். மகள் பிறந்ததும், மாதச் சம்பளம் தவறாத வேலை வேண்டுமென்று அமைச்சரிடம் சேர்ந்தார். அங்கே பழக்கம் வேறு. செய்தி வரும் முன்பே மறுப்பு தயாராக இருக்க வேண்டும். வெள்ளத்துக்கு ஒன்று, தீ விபத்துக்கு ஒன்று என்று எழுதி வைத்துக்கொண்டு, இடத்தை மட்டும் பிறகு நிரப்புவார்கள். அதில் அவர் சீக்கிரமே கெட்டிக்காரர் ஆனார்.

அந்தக் கோடையில் குடிநீர்க் குழாயில் கழிவு கலந்து பிள்ளைகளுக்குக் காய்ச்சல் பரவியது. "மருத்துவமனையில் காய்ச்சலோடு ஒரு குழந்தைகூட இல்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டார். போய்ப் பார்க்கவில்லை. கூட்டத்தில் இருந்ததால் மனைவியின் போனையும் எடுக்கவில்லை. மாலையில் தன் மகளும் அங்கேதான் கிடக்கிறாள் என்று தெரிந்து ஓடினார். வார்டு முழுக்கக் காலிக் கட்டில்கள்; தாய்மார்கள் வெறும் தலையணைகளுக்கு ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எங்க பார்க்கறீங்க? அப்பான்னு கை நீட்டறா பாருங்க" என்றாள் மனைவி.

"எங்கே?"

"விளையாடற நேரமா இது?"

தடவிப் பார்த்தார், விரிப்புதான் கைக்குத் தட்டுப்பட்டது. குரலும் கேட்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து உண்மையை எழுதிப் பழைய பத்திரிகைக்கு அனுப்பினார். வேலை போனது, குழாய் மாற்றப்பட்டது. மற்ற பிள்ளைகள் ஒவ்வொருவராக அவர் கண்ணுக்குத் திரும்பினார்கள். தன் பிள்ளை குணமாகி வீட்டுக்கு வந்தும், அவருக்கு மட்டும் தெரியவில்லை. கடவுள் ஏன் அவளைப் பார்க்கும் பார்வையை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டார் என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை. ஊர் அந்த அளவுக்கு நல்ல ஊர்.

அதன்பின் அவர் பிறர் சொல்லில் மகளை வளர்த்தார். "சார், அந்த சீட்ல பாப்பா இருக்கு, மேல உக்காந்துடாதீங்க" என்பார் பேருந்து நடத்துநர். "முன்பல்லு ரெண்டும் காணோம், சிரிச்சா குகை மாதிரி இருக்கு" என்று காய்கறிக்காரம்மா வலியக் கூப்பிட்டுச் சொல்வாள். அன்று முழுக்க அவருக்கு அது போதும். பள்ளி முடிந்தது, கல்லூரி முடிந்தது, உயரத்தில் அம்மாவைத் தாண்டிவிட்டாள் என்றார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டி, நன்றி சொன்னார்.

தூரத்து நகரத்தில் வேலை கிடைத்து அவள் ரயில் ஏறிய காலையில், பிளாட்பாரத்தில் நின்று ஒரு வெற்று ஜன்னலுக்குக் கையசைத்தார். அழுகையில் மனைவிக்குப் பேச வரவில்லை. பெட்டி சுமந்து வந்த போர்ட்டர்தான் அவர் தோளை மெல்லத் திருப்பினார்.

"இன்னும் கொஞ்சம் வலப்பக்கம், ஐயா. ஆங்... இப்ப உங்களைத்தான் பார்க்குது."

ரயில் வளைவில் மறையும்வரை அந்தப் பக்கமே கையசைத்துக்கொண்டிருந்தார்.