முதல் இடத்தில் செம்பூர்

அனந்தநாராயணன் சந்தேகப்படுவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர். மும்பை ஃபோர்ட்டில் ஒரு கம்பெனியில் இன்டர்னல் ஆடிட். காலையில் மாட்டுங்காவில் ரயில் ஏறினால் சாயங்காலம் வரை அடுத்தவர் வவுச்சரை முகர்ந்து பார்ப்பதுதான் உத்தியோகம். அந்தக் குணத்தை ஆபீஸிலேயே வைத்துப் பூட்டிவிட்டு வரலாம் அல்லவா? மாட்டார். கையோடு கூட்டிக்கொண்டு வருவார். பால்காரர் சிரித்தால் பாலில் தண்ணீர், சிரிக்காவிட்டால் விலையேற்றம்.

மகள் சாருலதாவின் பத்தாவது ரிசல்ட் வந்ததும் அந்தக் குணம் உச்சாணிக் கொம்பில் ஏறி உட்கார்ந்துகொண்டது. சாருவுக்கு டாக்டராக வேண்டும். மும்பையில் பத்தாவதோடு பள்ளிக்கூடம் முடிந்துவிடும். பிறகு இரண்டு வருஷம் ஜூனியர் காலேஜ், அப்புறம் நீட் பரீட்சை. கோச்சிங் கிளாஸ் என்ற பேச்சையே அனந்தநாராயணன் எடுக்க விடவில்லை. ஒரே பெண்ணின் போட்டோவைப் போட்டு இரண்டு கிளாஸ்காரர்கள் தங்கள் டாப்பர் என்று விளம்பரம் செய்ததை அவர் பேப்பரில் பார்த்துவிட்டார். அத்தனை பேரும் திருடர்கள் என்று தீர்ப்பு எழுதியாகிவிட்டது. ஆகவே காலேஜில் என்ன சொல்லித் தருகிறார்களோ அதுதான் சாருவுக்குக் கதி.

சாரு அதற்கும் தலையாட்டினாள். ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அப்பா, நம்ம மாட்டுங்கா காலேஜை ஃபர்ஸ்ட் போடுங்கோ. அங்க பயாலஜி மிஸ் பிரமாதமா எடுக்கறாளாம். லேப்ல எல்லாம் நம்ம கையாலேயே பண்ண விடுவாளாம்."

காலேஜ் விஷயத்தில் அவர்கள் கட்டடத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. ரிசல்ட் வந்த நாள் முதல் அட்மிஷன் முடியும்வரை எந்த வீட்டிலும் காலேஜ் பெயரை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். கிங்ஸ் சர்க்கிளில் காய்கறி வாங்கும்போது யாராவது கேட்டால், "பார்த்துண்டிருக்கோம்" என்பதோடு சரி. கண் பட்டுவிடும் என்பது வெளியில் சொல்லும் காரணம். நம் சீட்டுக்கு இன்னொருத்தர் போட்டிக்கு வந்துவிடுவார் என்பதுதான் உள்ளே இருக்கும் காரணம்.

எதிர் ஃபிளாட் கீதாவின் மகள் சாதனாவும் இந்த வருஷம்தான் பத்தாவது. அவளுக்கும் டாக்டர் ஆசை. சாருவைவிட மார்க் கொஞ்சம் கூட. அந்தக் கொஞ்சம்தான் அனந்தநாராயணனை உறுத்தியது. மாட்டுங்கா காலேஜில் ஒரே ஒரு சீட் மிச்சமிருந்தால் அது யாருக்குப் போகும்? யோசித்தார். ஒருநாள் கீழே லிஃப்டுக்குக் காத்திருந்த கீதாவிடம், பெரிய மனசு பண்ணி வழக்கத்தை மீறுகிறவர் போலக் குரலைத் தாழ்த்தினார்.

"கீதா, யார்கிட்டயும் சொல்லிடாதே. சாருவுக்கு தாணேல ஒரு காலேஜ் பார்த்து வச்சிருக்கேன். பயாலஜி டிபார்ட்மென்ட் ஃபர்ஸ்ட் கிளாஸாம். உனக்கும் ஆபீஸ் தாணேதானே?"

அந்தக் காலேஜின் வாசலைக்கூட அவர் மிதித்ததில்லை. ரயில் பெட்டியில் ஒட்டியிருந்த விளம்பரத்தில் பார்த்த பெயர், அவ்வளவுதான்.

கீதாவின் முகம் மலர்ந்துவிட்டது. "யாருமே வாயைத் திறக்காத இடத்துல நீங்களாவது சொன்னேளே அண்ணா! நானும் ஒண்ணு சொல்றேன். செம்பூர் காலேஜை மட்டும் தப்பித் தவறிகூடப் போட்டுடாதேங்கோ. என் ஓர்ப்படி ஸ்ரீலேகா அங்கதான் பயாலஜி எடுத்துண்டிருந்தா. வேலையை விட்டுட்டா. அவ எடத்துக்கு இன்னும் ஆள் போடலை. லேப் பூட்டிக் கிடக்காம்."

லிஃப்டில் மேலே போவதற்குள் அனந்தநாராயணன் கணக்கைப் போட்டு முடித்துவிட்டார். தான் சொன்னது பொய். அதற்குப் பதிலாக அவள் மட்டும் மெய்யைச் சொல்வாளா? அதுவும் ஓர்ப்படி சொன்னதை எந்தப் பெண் வேதவாக்காக எடுத்துக்கொள்கிறாள்? செம்பூரைத் தன் பெண்ணுக்கென்று கமுக்கமாக வைத்திருக்கிறாள். சாரு குறுக்கே வரக் கூடாது. அப்படியென்றால் செம்பூரில் ஏதோ விசேஷம் இருக்கிறது.

வீட்டில் மனைவி ராஜலக்ஷ்மியிடம் சொன்னார். அவள் மிளகாய்ப்பொடிக்கு எள் வறுத்துக்கொண்டே கேட்டாள்.

"ஏன்னா, அவ நிஜத்தைத்தான் சொல்லியிருப்பாளோ என்னமோ. ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வாங்கோளேன். செம்பூர் என்ன லண்டனா?"

போனார். கேட்டில் வாட்ச்மேன், "சப் ஆன்லைன் ஹை, சாப்" என்று, எல்லாம் ஆன்லைனில்தான் என்பதாகக் கையை விரித்தான். உள்ளே விடவில்லை. வேறு எங்கேயாவது இப்படி நடந்திருந்தால், எதையோ மறைக்கிறான் என்று அங்கேயே நின்று சண்டை போட்டிருப்பார். அன்று பார்த்து, இவ்வளவு கெடுபிடி இருக்கிறதென்றால் நல்ல காலேஜாகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றியது. சந்தேகப்பட வேண்டிய ஒரே இடத்தில் மனுஷர் சந்தேகப்படவில்லை.

ஆன்லைனில் காலேஜ்களை வரிசைப்படுத்திப் போட வேண்டும். முதலில் போட்டதே கிடைத்துவிட்டால் பேசாமல் சேர்ந்துவிட வேண்டும். வேண்டாம் என்றால் அடுத்த ரவுண்டுகளில் இடம் கிடையாது. சாரு நாற்காலிக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, மாட்டுங்கா செகண்ட்ல இருக்கே?"

"உனக்கு உலகம் தெரியாது. போய்ப் படி."

முதல் ரவுண்டிலேயே செம்பூர் கிடைத்தது. மாட்டுங்கா காலேஜின் கட்-ஆஃபும் அன்றே வந்தது. சாருவின் மார்க் அதைத் தாண்டியிருந்தது. சாரு அதைப் பார்த்துவிட்டு, லேப் கோட் வாங்க வேண்டும் என்றாள். அவள் திட்டியிருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

காலேஜ் திறந்தது. புதிதாக வாங்கிய வெள்ளை லேப் கோட்டை சாரு தினமும் பையில் வைத்து எடுத்துப் போனாள், தினமும் திரும்பக் கொண்டு வந்தாள். கடையில் மடித்துக் கொடுத்த மடிப்பு கலையவே இல்லை.

"லேப் எப்படிம்மா இருக்கு?" என்று ஒருநாள் கேட்டார்.

"பூட்டியிருக்குப்பா. பயாலஜிக்கு யாரும் இல்லை. அந்த பீரியட்ல நாங்களே படிச்சுக்கறோம்."

அன்று ராத்திரி அவர் பால் கணக்கை மூன்று தரம் கூட்டிப் பார்த்தார்.

பிள்ளையார் சதுர்த்தியன்று கீதா தட்டு நிறையக் கொழுக்கட்டையோடு வந்தாள். முதல் வார்த்தையே நன்றிதான்.

"அண்ணா, தாணே காலேஜ் பத்தி நீங்க சொன்னது அப்படியே நிஜம். சாதனா தெனம் லேப்ல நிக்கறா. என்னோடயே ரயில்ல வரா, போறா. இந்தக் கட்டடத்துலயே உண்மையைச் சொன்ன மனுஷர் நீங்க ஒருத்தர்தான்."

கிண்டல் செய்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தார். முகத்தை உற்றுப் பார்த்தார். கீதாவின் கண் கலங்கியிருந்தது. கிண்டலின் சாயல்கூட இல்லை. அவருக்கு அப்போதே எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

"பாவம், உங்களுக்கு தாணே கிடைக்காமப் போயிடுத்து. போயும் போயும் செம்பூரா வந்து மாட்டணும்? ஸ்ரீலேகா இப்போ காட்கோபர்ல இருக்கா. ஞாயித்துக்கிழமைல சாதனாவுக்கு மைக்ராஸ்கோப் எல்லாம் வச்சுச் சொல்லித் தரா. சாருவையும் அழைச்சுண்டு போகட்டுமா?"

"எதுக்கு?" என்று கேட்டுவிட்டார். பழக்கதோஷம். இதில் இவளுக்கு என்ன லாபம் என்ற கேள்வி அந்த ஒரு வார்த்தையில் அப்பட்டமாகத் தெரிந்தது. சமையலறை வாசலில் ராஜலக்ஷ்மி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

சாரு புத்தகத்தை மூடிவிட்டு நிமிர்ந்தாள்.

"நமக்கு தாணே கிடைக்கலையா? நாம தாணேயைப் போடவே இல்லையேப்பா. மாமிகிட்ட அப்படியா சொன்னேள்?"

கீதா சாருவைப் பார்த்தாள். பிறகு அனந்தநாராயணனைப் பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை அவர் இத்தனை வருஷமாக எத்தனையோ பேர் மேல் வீசியிருக்கிறார். தன் மேல் விழுவது இதுதான் முதல் தடவை.

கீதா கொழுக்கட்டைத் தட்டை மேஜைமேல் வைத்தாள்.

"ஞாயித்துக்கிழமை காலம்பற ரெடியா இரு, சாரு. லேப் கோட்டையும் எடுத்துக்கோ" என்றாள்.

ராஜலக்ஷ்மியிடம் போய்வருவதாகச் சொன்னாள். அவரிடம் சொல்லிக்கொள்ளவில்லை.